உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு நாலு நிமிடப் பாட்டை மொபைலில் படம்பிடித்தோம். பாடகரை முழுப் பாட்டும் ஒரே டேக்கில் பாடவைத்து, நடுநடுவே வேறு ஷாட்களைச் சேர்த்தோம். தொடக்கத்தில் உதடு பொருந்துகிறது, கடைசிச் சரணத்தில் விலகிவிடுகிறது. போதாததற்கு, ஒரு ஷாட்டில் கையில் வாட்ச் இருக்கிறது, அடுத்ததில் காணோம். யூடியூபிலும் ஏற்றிவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: வாட்ச்சுக்கு அப்புறம் வருகிறேன். ஒரே வரிக்குள் மூன்று சட்டை மாறினாலும் பாட்டு வீடியோ பார்ப்பவர் கண்டுகொள்ள மாட்டார். உதடு விலகினால் மட்டும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ‘டப்பிங் படம் மாதிரி இருக்கே’ என்றுவிடுவார்.

விலகல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு என்றால் கிளிப்பை இரண்டு ஃப்ரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்தான் ஃப்ரேம்) நகர்த்தினால் வேலை முடிந்தது. உங்களுடையது போகப் போகக் கூடுகிறது. அப்படியென்றால் வேகத்தில்தான் கோளாறு. விநாடிக்கு 23.976 ஃப்ரேமில் எடுத்ததை 24 என்று வைத்து ஓட்டினாலே நாலு நிமிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி, அதாவது ஆறு ஃப்ரேம் போய்விடும். ஆனால் என் சந்தேகம் மொபைல் மீது. பல மொபைல்கள் ஃப்ரேம் ரேட்டை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. சில எடிட்டிங் மென்பொருள்கள் இதில் தடுமாறும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ கொடுத்து மாற்றி, அந்தக் கோப்பை டைம்லைனில் போட்டுப் பாருங்கள்.

பொருத்தும்போது ம, ப வரும் சொல்லைப் பிடியுங்கள். ‘அம்மா’ என்று பாடினால் நடுவில் உதடு மூடியே ஆகவேண்டும். மூடுகிற அந்த ஃப்ரேமும் காதில் விழும் ‘ம்’மும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். ‘கண்ணே’வை வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. சந்தேகம் வந்தால் உதடு ஒரு ஃப்ரேம் முந்தட்டும். சத்தம் முந்தினால்தான் அதிகம் உறுத்தும்.

வெளிப்புறத்தில் எடுத்த ஷாட்கள் இருந்தால் இன்னொன்று. பாட்டை ஒலிக்கவிட்ட ஸ்பீக்கர் கேமரா பக்கத்திலும் பாடகர் முப்பது மீட்டர் தள்ளியும் நின்றிருந்தால், பாட்டு அவர் காதுக்குப் போய்ச்சேரவே இரண்டு ஃப்ரேமுக்கு மேல் ஆகும். கேமராவில் பதிவான ஒலியோடு கச்சிதமாகப் பொருத்தினாலும் உதடு பின்தங்கித்தான் தெரியும். அங்கே கண்ணை நம்புங்கள்.

ஸ்லோமோஷனில் பாடவைப்பவர்கள் செய்யும் தப்பு, சாதாரண வேகத்தில் பாடவைத்துவிட்டு எடிட்டில் இழுப்பது. பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ (2000) வீடியோவில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் கடற்கரையில் மெதுவாக நடந்தபடி பாடுவார், உதடு பிசகாது. பாட்டை வேகமாக ஓடவிட்டு, அதற்கேற்ப வேகமாகப் பாடவைத்து எடுத்தது அது. 50 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுங்கள்.

சரி, வாட்ச். 4கே என்கிற அதிகத் தெளிவில் எடுத்திருந்தால் படத்தைப் பெரிதாக்கி மணிக்கட்டை வெளியே தள்ளிவிடலாம். இல்லையா, அந்த இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் கிட்டார் வாசிக்கும் விரலையோ வேறு இடத்து ஷாட்டையோ சொருகுங்கள். ஷாட்டை இடவலமாகத் திருப்பிப்போட்டுத் தப்பிக்க மட்டும் பார்க்காதீர்கள். நான் ஒருமுறை பாடகியின் பார்வைத் திசை பொருந்தவில்லை என்று அப்படிச் செய்தேன். முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. எடிட் அறையில் நாலு பேர் பார்த்தும் தெரியவில்லை. வீட்டில் அம்மா ஒரே தடவையில் பிடித்துவிட்டார்.

யூடியூபில் அதே இணைப்பில் வீடியோ கோப்பை மாற்ற முடியாது. வேண்டாத பகுதியை வெட்டி நீக்குவது போன்ற சின்ன வேலைகள்தான் முடியும். வாட்ச்சுக்காக மறுபடி ஏற்றி, வந்த பார்வைகளை இழக்காதீர்கள். கடைசிச் சரணம் முழுக்க உதடு விலகுகிறது என்றால், திருத்தியதைப் புதிதாக ஏற்றிவிட்டு, பழையதன் விளக்கத்தில் புது இணைப்பைக் கொடுத்து, பழையதை ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி) ஆக்கிவிடுங்கள்.