அருங்காட்சியகக் கற்களைப் பாதுகாக்கப் பயிற்சி: கேட்டவையும் என் பதில்களும்

கே: நிலவியல் பட்டம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கனிமங்கள், புதைபடிவங்களைப் பாதுகாக்கும் வேலைக்கு முதலில் என்ன கற்க வேண்டும்?

ப: கை வைக்காமல் பார்க்க. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிலவியல் படித்தவர்களுக்குக் கல்லைக் கண்டால் கை சுத்தியலைத் தேடும், அமிலத்தைத் தேடும். இங்கே அது ஆகாது. முதல் மாதம் முழுக்க இழுப்பறைகளைத் திறந்து நிலைமைக் குறிப்பு எழுதுங்கள்: விரிசல் எங்கே, பொடி எங்கே, பழைய பசை எங்கே, கல்லின் விவரச் சீட்டு கூடவே இருக்கிறதா. படமும் எடுத்து வையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்து அந்தக் கல்லில் எது மாறியது என்று சொல்ல அந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

கே: பைரைட் ஏறிய அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவம்) ஒன்றில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூத்திருக்கிறது. கழுவிவிடலாமா?

ப: வேண்டவே வேண்டாம், தண்ணீர்தான் அதற்கு எமன். பைரைட் என்பது இரும்பு சல்பைடு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உண்டாகும். சல்பேட்டுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். இதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும்: இழுப்பறையைத் திறந்ததும் தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு நெடி. கல்லைத் தூக்கிப் பார்த்தால் அடியிலுள்ள அட்டை பழுப்பாகக் கருகி, தொட்ட இடத்தில் சருகு போல உதிரும். பல நேரம் சீட்டும் அதோடு போய்விடும், எந்த அடுக்கில் எங்கே கிடைத்தது என்ற விவரம் போனபின் அந்தக் கல்லை ஆய்வுக்கு வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் முதலில் சீட்டைப் பிரித்துப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் உலர்ந்த தூரிகையால் பொடியைத் தட்டுங்கள். அமிலத்தை முறிக்க அம்மோனியா ஆவி பிடிப்பது உண்டு. அதைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால் மட்டும் செய்யுங்கள். கடைசியாக, காற்றுப் புகாத உறையில் ஆக்சிஜன் உறிஞ்சியோடு மூடி வைக்கலாம். இது எதுவும் குணப்படுத்தாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் சிதைவு வேகம் பிடிக்கும். ஏற்கெனவே பூத்த கல்லை 30க்குப் பக்கத்தில் வைக்கப் பாருங்கள்.

கே: அப்படியானால் மொத்த அறையையும் வறட்டிவிட்டால் தீர்ந்ததா?

ப: தீராது, வேறு கல் செத்துப்போகும். லாமோன்டைட், போராக்ஸ் போன்ற கனிமங்கள் எல்லாம் வறட்சியில் தம்மிடமுள்ள நீரை இழந்து பொடியாகும்; முழுதாகக் கல்லாகாத எலும்பும் தந்தமும் வெடிக்கும். பாறை உப்போ 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் கரையவே ஆரம்பித்துவிடும். எனவே அறையைச் சுமாராக நிலையாக வைத்துக்கொண்டு, அடம்பிடிப்பவற்றுக்குத் தனித்தனிப் பெட்டி. பயிற்சிக் காலத்தில் நானே ஒரு பாறை உப்புப் படிகத்தை லேசாக ஈரத் தூரிகையால் துடைத்தேன், தூசி போகட்டும் என்று. தூசி போனது, கூரான மூலைகளும் கூடவே போயின.

கே: காட்சிப் பெட்டியில் சிவப்பாக இருந்த ரியல்கார் மஞ்சளாகிவிட்டது. மீட்க முடியுமா?

ப: முடியாது. ஒளி பட்டு பாராரியல்காராக மாறியிருக்கிறது: அதே ஆர்சனிக், அதே கந்தகம், அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. இருட்டில் வைத்திருக்க வேண்டிய கல் அது. வெள்ளிக் கனிமமான புரூஸ்டைட்டும் அப்படித்தான், ஒளியில் கறுத்துவிடும். அந்த மஞ்சள் பொடியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கே: உடைந்ததை எதால் ஒட்டுவது?

ப: அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். பிற்பாடு வேறொருவர் பிரிக்க நினைத்தால் அதே அசிட்டோனில் இளகும். உடனடிப் பசைகள் புதைபடிவ வேலையில் புழங்குகின்றன, எனக்கு அவற்றில் விருப்பமில்லை. ஒட்டித்தான் ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். பாலிஎத்திலீன் நுரையில் பள்ளம் வெட்டி இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாலே பெரும்பாலும் போதும்.

கே: யுரேனியக் கனிமங்களால் ஆபத்து உண்டா?

ப: உண்டு, பயப்படுவதைவிட ஒழுங்காக இருந்தால் சமாளிக்கலாம். மூடிய அலமாரியில் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும், எனவே காற்றோட்டம் இல்லாமல் வைக்காதீர்கள், திறந்தவுடனே முகத்தை உள்ளே விடாதீர்கள். கையுறை, வேலை முடிந்ததும் கை கழுவுதல். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாதிரிகளும் ஆபத்துதான், அவை மூடிய உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

கே: இதற்கென்றே தனிப் பட்டம் வேண்டுமா?

ப: நிலவியல் சேகரிப்புக்கு மட்டும் என்று பட்டம் கிடைப்பது அரிது. பொதுவான பாதுகாப்புப் படிப்போ அருங்காட்சியகவியலோ படித்துவிட்டு, பெரிய சேகரிப்பு உள்ள இடத்தில் உட்கார்ந்து பழகுவதுதான் வழக்கமான பாதை. பிரிட்டனில் 1974இல் தொடங்கிய நிலவியல் காப்பாட்சியர் குழுவின் (Geological Curators' Group) வெளியீடுகளைத் தேடிப் படியுங்கள். சேரும் முன் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: எத்தனை மாதிரிகளை நானே கையாள விடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.