இலக்கு எல்லோருக்கும், பொறுப்பு யாருக்கு? கேள்வி பதில்

உள்ளாட்சி மன்றமும் காவல், மருத்துவம், தீயணைப்பு போன்ற அமைப்புகளும் ஒரே இலக்குக்காக உழைக்கும்போது யார் எதற்குப் பொறுப்பு? இங்கிலாந்துச் சட்டங்களை வைத்து, மன்ற உறுப்பினர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

இலக்கைத் தீர்மானிப்பது மன்றம் மட்டும்தானா?

இல்லை. ஒரு பகுதிக்கான இலக்குகளைக் குறிக்கும் வட்டார ஒப்பந்தத்துக்கு 2007ஆம் ஆண்டு உள்ளாட்சி, சுகாதாரத்தில் பொதுமக்கள் ஈடுபாட்டுச் சட்டம் சட்ட வடிவம் கொடுத்தது. வரைவை எழுதுவது மன்றத்தின் வேலையாக இருந்தது. ஆனால் சட்டம் பெயர் குறித்த கூட்டாளி அமைப்புகள் இலக்குகளை முடிவு செய்வதில் ஒத்துழைத்தே ஆக வேண்டியிருந்தது. ஓர் அமைப்பின் சம்மதம் இல்லாமல் அதன் தலையில் இலக்கைக் கட்ட முடியவில்லை.

சம்மதித்த பிறகு எட்டாவிட்டால் சட்டமீறலா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் கேட்டது, அந்த அமைப்பு தன் பணிகளைச் செய்யும்போது அந்த இலக்கைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே. எட்டியே தீர வேண்டும் என்று எங்கும் இருக்கவில்லை. காரணம் புரிகிறது: வேலையின்மையையோ குழந்தைகளின் உடல் பருமனையோ எந்த அமைப்பும் தனியாகக் குறைத்துவிட முடியாது. ஆனால் ‘கருத்தில் கொண்டோம், வேறு வேலை முந்திவிட்டது’ என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒத்துழைக்கும் கடமையையும் விளைவுக்கான பொறுப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

குற்றத்தடுப்பிலும் இப்படித்தானா?

அங்கே பிடி கொஞ்சம் இறுக்கம். 1998ஆம் ஆண்டு குற்றம், ஒழுங்கின்மைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குற்றத்தைத் தடுக்கத் தங்களால் நியாயமாக முடிந்த அனைத்தையும் செய்ய வேண்டிய தேவையை உரிய முறையில் கருத்தில் கொள்ளும்படி மன்றங்களைப் பணிக்கிறது. தெருவிளக்கு, வீட்டுவசதி என எந்த முடிவுக்கும் இது பொருந்தும்.

மருத்துவமும் மன்றமும் பணத்தைச் சேர்த்துப் போட்டால் கணக்கு யாரிடம்?

2006ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி பொது நிதி வைக்கலாம். ஒரு தரப்பு அதை ஏற்று நடத்தும். அதை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும். பணம் பொதுவானாலும் கணக்கு ஒரே இடத்தில் இருப்பதுதான் இதன் பலம்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிறகு ஒன்றும் நடப்பதில்லை. என்ன செய்ய?

இதைக் கேட்டதற்கு நன்றி, என் மனதில் நெடுநாளாக இருப்பதும் இதுதான். காற்று மாசு விஷயத்தில் 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் செய்ததைப் பாருங்கள். மன்றம் செயல்திட்டம் எழுதும்போது, மாசுக்குக் காரணமான இடம் யார் கையில் இருக்கிறதோ அந்த அமைப்பு தான் செய்யப்போவதைத் தானே முன்வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி குறிக்க வேண்டும். முடிந்தவரை அந்தத் தேதிக்குள் செய்யவும் வேண்டும். ‘ஆதரவு தருவோம்’ என்பதைவிட இது எவ்வளவு தெளிவு!

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இதை நீங்கள் செய்யலாம். கூட்டக் குறிப்பில் ‘மன்றமும் கூட்டாளிகளும்’ என்று எழுதாதீர்கள். ஒரு செயல், ஒரு அமைப்பு, ஒரு பதவி, ஒரு தேதி. யாராவது மறுத்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

2007 ஒப்பந்தங்கள் இன்னும் உண்டா?

இல்லை. 2010இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டன. அதிகபட்சம் 35 இலக்குகள், அவற்றுக்கு நடுவண் அரசின் ஒப்புதல் என்று கண்காணிப்புச் சுமை கூடிப்போனது உண்மைதான். ஆனாலும் எல்லோரையும் ஒரே மேசைக்கு வரவழைத்த அந்தக் கடமையை விட்டது இழப்பு என்றே கருதுகிறேன்.