முதலில் எந்தப் புத்தகம்?

கேள்வி: பி.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். வீட்டில் ரப்பர் தோட்டம் உண்டு. மேலாண்மைப் புத்தகங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, குலசேகரம்

பதில்: கோல்ட்ராட்டும் ஜெஃப் காக்ஸும் எழுதி 1984இல் வந்த ‘தி கோல்’. தள்ளாடும் ஓர் ஆலையைப் பற்றிய நாவல் என்பதால் முதலாண்டிலேயே பிடிபடும். வேலை எங்கே தேங்குகிறதோ, அந்த இடத்தின் வேகம்தான் மொத்த ஆலையின் வேகம் என்பது அதன் சாரம். உங்கள் வீட்டு ரப்பர் ஷீட்டை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். உறைந்த ரப்பர் பாலை ரோலரில் தினம் 100 ஷீட்டாக அடிக்கிறீர்கள். ஷீட்டைக் காயவைக்கும் புகை அறையில் 240தான் தொங்கும், காய 4 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு வெளியே வருவது 60தான். இன்னொரு ரோலர் வாங்கினால் ஈர ஷீட் குவியும், பூஞ்சை பிடிக்கும், தரம் இறங்கி விலையும் போகும். பணத்தைப் புகை அறையில்தான் போட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் பயனில்லை.

அடுத்தது பீட்டர் டிரக்கரின் ‘தி எஃபெக்டிவ் எக்ஸிகியூட்டிவ்’ (1967). நேரம் பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். இரண்டு வாரம் உங்கள் நேரத்தை அவ்வப்போதே குறித்து வையுங்கள். இரவில் நினைவிலிருந்து எழுதினால் கணக்கு பொய்த்துவிடும்.

வெற்றிக்கதைப் புத்தகங்கள் இப்போது வேண்டாம். அதே வழியில் போய்த் தோற்றவர்களை அவற்றில் பெரும்பாலும் காண முடியாது.