புழுக்கத்துக்கு ‘வெட்’ சரிவராது

புழுக்கத்தை ஆங்கிலத்தில் ‘மகி’ (muggy) என்று சொல்லுங்கள். நிலாவெளியில் விருந்தினரிடம் புழுக்கத்தை ‘வெட் வெதர்’ என்றதும் அவர்கள் குடையைத் தேடியதாக எழுதியிருந்தீர்கள். ‘வெட் வெதர்’ என்றால் மழை நாள், அதனால்தான்.

நம் ‘ஈரம்’ காற்று, சுவர், தோல் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும். காற்றில் நீராவி மிகுந்தால் ‘ஹியூமிட்’. அதோடு வெக்கையும் சேர்ந்து, காற்று அசையாமல், சட்டை முதுகில் ஒட்டினால் ‘மகி’. ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் திருகோணமலையில் மூச்சு முட்டுமே, அதேதான். காயாத துவாயும் பூஞ்சணம் பிடித்த சுவரும் ‘டாம்ப்’. குளிர்ந்து பிசுபிசுக்கும் உள்ளங்கை ‘கிளாமி’.

சந்தேகம் வந்தால் தொட்டுப் பாருங்கள். கையில் ஈரம் படும் பொருளென்றால் ‘டாம்ப்’. உடம்பு மட்டும் உணர்ந்தால் ‘ஹியூமிட்’ அல்லது ‘மகி’.

கச்சான் காற்று வீசும் நாளுக்கு இவை வேண்டாம், அது வறண்ட சூடு. ‘ஹாட் அண்ட் டிரை’ போதும். அப்புறம், அகராதி ‘சல்ட்ரி’யையும் காட்டும். வானிலைக்குச் சரிதான், ஆனால் ஆளைப் பார்த்துச் சொன்னால் மோகம் கலந்த பொருள் வரும். விருந்தினரிடம் கட்டாயம் தவிருங்கள்.