கைக்குழந்தையோடு ஊர் சுற்ற: கார் சீட் முதல் கிஃப்ட் வவுச்சர் வரை

கேள்வி: மகளுக்கு மூன்று மாதம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் காரில் போகப் போகிறோம். இணையத்தில் ஒருவர் பழைய பேபி சீட்டைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறார். "ஃபுட்ஸ்டூட்ஸ்தான் (உள்ளது உள்ளபடி விற்பனை), பிறகு வந்து நிற்கக் கூடாது" என்கிறார். வாங்கலாமா?
— சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: சீட் கட்டாயம் வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை அதற்குரிய சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது 2015 முதல் தென்னாப்பிரிக்கச் சாலை விதி. பொறுப்பு ஓட்டுநருடையது. ஆயா மடியில் வைத்துக்கொள்வார் என்ற பேச்சே வேண்டாம். வண்டி மோதும்போது எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

அந்தப் பழைய சீட்டைப் பொறுத்தவரை, விற்பவர் வியாபாரி இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) உங்களுக்குக் கைகொடுக்காது. தனியார் ஒருவர் தன் வீட்டுச் சாமானை "உள்ளது உள்ளபடி" விற்கலாம். குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு. ஒரு பேபி சீட்டுக்காக யார் நீதிமன்றப் படி ஏறுவார்? அதனால் பணம் கைமாறும் முன்பே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிடுங்கள்.

சீட்டைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் சின்னக் கடிகார முகம் போல ஒரு வட்டம் பதிந்திருக்கும். அதில் தயாரித்த மாதமும் வருடமும் தெரியும். எத்தனை வருடம் உழைக்கும் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்வார். பெரும்பாலும் ஆறு முதல் பத்து வருடம். வெயிலில் நிறுத்திய காரிலேயே கிடந்த சீட்டின் பிளாஸ்டிக் அதற்கு முன்பே நொறுங்கத் தொடங்கும். அடுத்து ஆரஞ்சு நிற ஸ்டிக்கரைத் தேடுங்கள். அதில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஆர்44 என்ற பாதுகாப்புத் தர வகையானால் அனுமதி எண் 03 அல்லது 04 என்று தொடங்க வேண்டும். ஆர்129 வகையில் எடைக்குப் பதிலாகக் குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

துணி உறையைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலில் விரிசல் இருந்தால் அந்தச் சீட் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விபத்தைப் பார்த்த சீட் வெளியே பளபளவென்று இருந்தாலும் வாங்கக் கூடாது. வார்ப்பட்டை வெளுத்து மொரமொரப்பாக இருந்தால் பிளீச் போட்டுத் துவைத்திருக்கலாம். அது இழையின் வலுவைக் குறைத்துவிடும். பக்கிளைப் பத்துத் தடவை பூட்டித் திறந்து பாருங்கள். பிஸ்கட் தூள் உள்ளே போய் இறுகியிருந்தால் பாதியில் சிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் காரில் மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். பழைய கார்களில் பின் சீட் பெல்ட் சுற்றிப் பூட்ட எட்டாமல் போவதுண்டு. பெல்ட் பக்கிளின் தண்டு நீளமாக இருந்து பேபி சீட்டின் விளிம்பில் முட்டினால், மோதும்போது அது உடையலாம். இறுக்கிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. மூன்று மாதக் குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். தோள் வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் இப்படி வைக்கவே கூடாது. வழியில் வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணக் குளிருக்குப் பஞ்சு ஜாக்கெட் போட்டு வாரைப் பூட்டினால், இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். அடிபடும்போது பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பூட்டி, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 570 கி.மீ. கைக்குழந்தையைச் சீட்டில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். மூயி ரிவர், ஹாரிஸ்மித், வில்லியர்ஸ் என்று மூன்று இடத்தில் நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்து, பால் கொடுத்து, தட்டையாகப் படுக்க வையுங்கள். வான் ரீனன் கணவாயில் பனிமூட்டமும் லாரிக் கூட்டமும் இருக்கும். அதைப் பகலிலேயே தாண்டிவிடுவது நல்லது.

எங்கள் கருத்து: பிராமை (குழந்தைத் தள்ளுவண்டியை) பழையதாக வாங்கி மிச்சம் பிடியுங்கள், சீட்டைப் புதிதாக வாங்குங்கள். பழையது வேண்டுமென்றால், அதன் முழுக் கதையும் தெரிந்த சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரட்டும்.

கேள்வி: மின்சாரத் தாய்ப்பால் பம்ப் வாங்கி நாலாவது மாதம். உறிஞ்சும் விசை பாதியாகிவிட்டது. "உடம்பில் பட்ட பொருள், திரும்ப எடுக்க மாட்டோம், வாரண்டியும் மூன்று மாதம்தான்" என்கிறது கடை. அடுத்த மாதம் கேப் டவுன் போகிறேன், குழந்தை வீட்டில் இருக்கும்.
— பீனிக்ஸ் வாசகி

பதில்: கடையோடு மல்லுக்கு நிற்கும் முன் ஒரு சோதனை. மோட்டாரில் குழாய் சேரும் வாயைக் கட்டைவிரலால் மூடி, பம்பை ஓட விடுங்கள். விரலைப் பலமாக இழுத்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு சிலிக்கோன் வால்வில். வாத்து மூக்கு போன்ற அந்த வால்வின் நுனிப் பிளவு கழுவிக் கழுவி விரிந்துவிடும். தினமும் பலமுறை எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது தேயும் பாகம், இதற்குச் சட்டத்தை இழுக்க முடியாது. பிளவுக்குள் பிரஷ் விட்டுத் தேய்க்காதீர்கள். குழாயில் ஈரம் நின்றாலும் விசை குறையும். கழுவியதும் குழாயை மட்டும் மாட்டி ஐந்து நிமிடம் ஓட விட்டால் காய்ந்துவிடும்.

விரலை இழுக்கவில்லையா? அப்போது மோட்டார் கோளாறு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். கடை எழுதிய மூன்று மாத வாரண்டி இந்த ஆறு மாதத்தைக் குறைக்க முடியாது. திருப்பி அனுப்பும் செலவும் கடையுடையது. உடம்பில் படும் பொருள் என்ற சாக்கு, பிடிக்கவில்லை என்று திருப்பும் பொருளுக்குச் செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. பழுதுபார்த்துத் தந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால், மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ரசீதின் நகலை இணையுங்கள். மறுத்தால் முதலில் நுகர்பொருள் மற்றும் சேவைகள் ஒம்புட் (குறைகேட்பாளர்), பிறகு தேசிய நுகர்வோர் ஆணையம்.

பயணத்தில், எடுத்த பால் 25 டிகிரி வரை நாலு மணி நேரம் தாங்கும். பிப்ரவரி மாத டர்பன் அறை அதைத் தாண்டிவிடும், அதனால் எடுத்ததும் குளிர வையுங்கள். உறைந்த ஐஸ் பேக் உள்ள குளிர்ப்பையில் 24 மணி நேரம், 4 டிகிரி ஃபிரிட்ஜில் நாலு நாள். ஹோட்டல் அறையின் குட்டி ஃபிரிட்ஜ் பல சமயம் பானத்தைச் சில்லென்று வைக்கும், அவ்வளவுதான். ஒரு சின்னத் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள். பால் பையைக் கதவில் வைக்காமல் பின்சுவரை ஒட்டி வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போட்டால் எடுத்துவிடுவார்கள். வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணிதான், பயமில்லை.

கேள்வி: பத்து மாதப் பையனுக்கு மொட்டை போடத் தமிழ்நாடு போகிறோம். மடியில் வைத்தால் இலவசம் என்கிறார்கள், தொட்டிலும் தருவார்களாமே?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: வெளிநாட்டு விமானத்தில் மடிக்குழந்தைக்கும் கட்டணம் உண்டு, பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் அளவு. மடியில் வைக்க இரண்டு வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது போகும் நாளை மட்டும் பொறுத்ததல்ல. நடுவில் இரண்டு வயது முடிந்தால் திரும்பும்போது தனி சீட் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் பையனுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை.

தொட்டில் இருப்பது தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையில், அதுவும் எண்ணி ஒன்றிரண்டு. டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். எடை வரம்பு பொதுவாக 10–11 கிலோ. பத்து மாதத்தில் எடை ஒத்துவரும், நீளம்தான் இடிக்கும். உள்ளளவைக் கேட்டு, பையனை அளந்து பாருங்கள். விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் பிள்ளையையும் தூக்கியே ஆக வேண்டும். அந்த வரிசையில் கைப்பிடிகள் நகராது, புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். எதையும் பிடித்து எழுந்து நிற்கும் பிள்ளையாகிவிட்ட பையனுக்குத் தொட்டிலுக்காக அலைவதை விட, குழந்தையைச் சுமக்கும் நல்ல தோள்பையில் (பேபி கேரியர்) கட்டித் தூக்கிப்போவது சுலபம். தரை இறங்கச் சுமார் அரை மணி இருக்கும்போது காது அடைக்கும். அப்போது பால் கொடுங்கள்.

பையனுக்குத் தனி பாஸ்போர்ட், தனி இந்திய விசா வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் தாய், தந்தை இருவர் சம்மதமும் தேவை. அப்பா கூட வரவில்லையென்றால் அவருடைய சம்மத வாக்குமூலமும் முழு விவரப் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். ரோடு டு ஹெல்த் புத்தகத்தை (தடுப்பூசி, வளர்ச்சிப் பதிவேட்டை) மறக்காதீர்கள்.

அடாப்டர் வாங்கும் முன் ஒரு தகவல். நம்மூர் மூன்று தடித்த பின் உள்ள பிளக், இந்தியாவில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய 16 ஆம்ப் சாக்கெட்டில் போகும். சாதாரணச் சின்ன சாக்கெட்டில் போகாது. மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட், ஸ்டெரிலைசருக்கு மின்னழுத்த மாற்றி தேவையில்லை.

கேள்வி: பயணத்துக்காக ஃபார்முலா பால் டின் நிறைய வாங்க, ஸ்பெஷல் வருமா என்று காத்திருக்கிறேன். வரவே இல்லை.
— மெரிபேங்க் வாசகி

பதில்: வராது. குழந்தைப் பால் மாவு, பால் புட்டி, நிப்பிள் ஆகியவற்றுக்குத் தள்ளுபடி, இலவச மாதிரி, பரிசு எல்லாவற்றையும் 2012-ல் வந்த ஆர்991 விதிமுறை தடுக்கிறது. கடைக்குக் கடை விலை மாறும், அதைத்தான் ஒப்பிட முடியும். டின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். திறந்த டின் ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும் என்பதால், பயணத்துக்குச் சிறியதே லாபம். கலக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. மாவில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில்தான் சாகும். ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் டப்பாவில் அளந்த மாவும் தனித்தனியே எடுத்துப் போங்கள். கலந்த பின் ஆறவைத்து உடனே கொடுங்கள், குழந்தை மீதி வைத்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: கோசி பே அருகே இணையத்தில் லாட்ஜ் பதிவு செய்தோம். மலேரியா இருக்கிறது, ஐந்து மாதக் குழந்தையை அங்கே கொண்டுபோகாதீர்கள் என்று கிளினிக் நர்ஸ் சொன்னார். லாட்ஜ் ஒரு காசும் தர மறுக்கிறது.
— டொங்காட் வாசகி

பதில்: நர்ஸ் சொன்னது சரி. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய வட நேட்டால் மலேரியாப் பகுதி, செப்டம்பர் முதல் மே வரை அபாயம் கூடுதல். ஐந்து வயதுக்குட்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. மிருகங்களைப் பார்க்க ஆசையென்றால் பிலானஸ்பர்க், அடோ போன்ற மலேரியா இல்லாத பூங்காக்கள் உண்டு.

இணையத்தில் வாங்கினால் ஏழு நாளில் மனம் மாறலாம் என்ற விதி, குறித்த தேதிக்கான தங்குமிடத்துக்குப் பொருந்தாது. ஆனால் முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நுகர்வோர் சட்டத்தின் 17-ம் பிரிவு தருகிறது. லாட்ஜ் எடுத்துக்கொள்ளக் கூடியது நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே. எத்தனை நாள் முன்பே சொன்னீர்கள், அந்த அறையை வேறொருவருக்குக் கொடுக்க வாய்ப்பிருந்ததா என்பதை வைத்து அது அளக்கப்படும். உதாரணமாக, ஆறு வாரம் முன்பே சொல்லியும் முழுப் பணத்தையும் பிடிப்பது நியாயம் என்று வாதிடுவது கடினம். அதனால் இன்றே ரத்துக் கடிதம் அனுப்புங்கள். போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ கட்டணமே வாங்கக் கூடாது. நர்ஸின் அறிவுரை அந்த வகையில் அடங்காது. தேதியை மாற்றி, ஜூன்–ஜூலைக் குளிர்காலத்துக்குக் கேட்டாலும் எங்கள் ஆலோசனை அதே: குழந்தை வளரட்டும்.

கேள்வி: வளைகாப்புக்கு வந்த கிஃப்ட் வவுச்சரில் ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது. தேதி போன மாதம் முடிந்தது. போச்சா?
— வெருலம் வாசகி

பதில்: போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய வவுச்சர் மூன்று வருடம் செல்லும், அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும். கடை விளம்பரத்துக்காகச் சும்மா கொடுத்த கூப்பனுக்கு இது பொருந்தாது. கல்லாவில் மறுத்தால் மேலாளரிடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 63-ம் பிரிவு என்று சொல்லுங்கள்.