ஃபைபர் படகு வேலை செய்பவருக்கு ரெசினால் நரம்பு பாதிப்பு வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

தம்பி தொண்டியில் ஃபைபர் வேலைக்குப் போகிறான், ஸ்கேன் எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் எடுத்துக் காசைத் தொலைத்தவன்.

மண்டபம் பக்கம் ஒன்பது வருடம் இதே வேலை பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிவிடும். எங்களுக்கு அப்போதுதான் ஓயாத வேலை. படகுக்குள் குனிந்து கண்ணாடி இழை மேட் ஒட்டி, அதன்மேல் ரெசின் என்கிற பிசினைப் பூச வேண்டும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். வெளியே கடல்காற்று அள்ளிக்கொண்டு போகும், உள்ளே இலை அசையாது. முதல் நாள் மூக்கைத் துளைத்த வாடை மூன்றாம் நாள் தெரியாது. வாடை குறையவில்லை, மூக்குக்குப் பழகிவிட்டது.

சாயங்காலமானால் தலைவலி, ஒரு கிறக்கம். குடித்துவிட்டு வந்ததாக வீட்டில் சண்டைகூட நடந்தது. மறதி கூடியதும் தலை ஸ்கேன் எடுத்தேன். நார்மல்.

அப்புறம் பார்த்த நரம்பு மருத்துவர்தான் முதல் ஆளாக "என்ன வேலை?" என்று கேட்டார். வெளிறிய நிறத்தில் 15 வில்லைகளைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற வரிசைப்படி அடுக்கச் சொன்னார். நீலத்தையும் பச்சையையும் மாற்றி வைத்திருக்கிறேன்! வலை நூலில் தினமும் பார்க்கிற நிறங்கள். ஸ்டைரீன் பெரும்பாலும் நீலம்-மஞ்சள் நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறனைத்தான் முதலில் தொடுமாம், நமக்கே தெரியாது. புள்ளிகளுக்குள் எண் தேடும் வழக்கமான புத்தகம் சிவப்பு-பச்சைக்கானது, அதில் இது சிக்காது.

பிறகு இசைக்கவையை (தட்டினால் அதிரும் இரும்புக் கவை) தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்டார். சர்க்கரையும் பி12-ம் பார்த்தார், ஏனென்றால் சர்க்கரை நோயாலும் பி12 குறைவாலும் கால் மரத்துப்போகும். ஸ்டைரீன் உடம்புக்குள் மாண்டலிக் அமிலமாக மாறும், அதைச் சிறுநீரில் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. உடம்புக்குள் ஸ்டைரீன் எவ்வளவு போனது என்பதை அது சொல்லும், நரம்பு கெட்டதா என்பதைச் சொல்லாது. அன்றைய வேலை முடிந்த கையோடு கொடுத்தால்தான் பிரயோஜனம்.

தம்பியை மார்ச்சிலேயே, தடைக்கால வேலை தொடங்கும் முன், நிறமும் அதிர்வும் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஜூனில் மறுபடி பார்க்கட்டும். அவனுடைய பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் சின்ன சறுக்கல் பிடிபடும். எனக்கு அந்த மார்ச் கணக்கு இல்லை, அதனால் எப்போது தொடங்கியது என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

முகத்தில் துண்டு கட்டுவது தூசிக்கு மட்டும்தான். ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். தின்னரில் கை கழுவுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.