பூட்டிய கதவும் 36 சட்டங்களும்: 1900களின் அமெரிக்கத் தொழிலாளர் சீர்திருத்தம் (கேள்வி பதில்)

1900 முதல் 1920 வரை அமெரிக்க ஆலை நகரங்களில் நடந்த சீர்திருத்தங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள். பலரும் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற தையல் ஆலையில் நடந்த தீ விபத்தைக் கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: சார், ட்ரையாங்கிள் கம்பெனி இருந்தது தீப்பிடிக்காத கட்டடம் என்கிறார்களே. பிறகு எப்படி 146 பேர் இறந்தார்கள்?

கட்டடம் எரியவில்லை என்பது நிஜம். நியூயார்க்கின் ஆஷ் கட்டடம் இன்றும் நிற்கிறது, பல்கலைக்கழகம் பயன்படுத்துகிறது. எரிந்தது உள்ளே இருந்த சரக்கு.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, மாலை 4:40 வாக்கில், வேலை முடிகிற நேரம். 8ஆவது மாடியில் கட்டிங் மேசைக்குக் கீழே வேஸ்ட் துணி போடும் பெட்டியில் நெருப்பு விழுந்தது. அணையாத சிகரெட்டோ தீக்குச்சியோ காரணமாக இருக்கலாம் என்றார்கள். பெண்களின் மேல்சட்டைக்கான மெல்லிய பருத்தித் துணி, இடையிடையே மெல்லிய தாள். வேஸ்ட் வாங்கும் வியாபாரி கடைசியாக வந்து அள்ளியது ஜனவரியில்! இரண்டு மாதக் குவியல் அது.

8ஆவது மாடிக்காரர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 10ஆவது மாடிக்குத் தொலைபேசியில் செய்தி போனது. அங்கிருந்தவர்கள், முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் உட்பட, மொட்டைமாடிக்குப் போய்ப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஏறினார்கள். நடுவில் இருந்த 9ஆவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே 240 தையல் இயந்திரங்கள் நீண்ட வரிசைகளில். வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவு பூட்டியிருந்தது. கிரீன் தெரு பக்கப் படிக்கட்டில் சீக்கிரமே தீ ஏறிவிட்டது. வெளிச்சுவரில் மாட்டியிருந்த இரும்புப் படி கனம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி 6ஆவது மாடிவரைதான் எட்டியது. மேலிருந்து கூட்டாகக் குதித்தவர்களின் வேகத்தில் வலைகள் கிழிந்தன.

கவனிக்க வேண்டியது, இதில் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது என்பதை. 150 அடிக்குக் கீழ் உள்ள கட்டடத்துக்கு மரத்தரையும் மரச் சன்னலும் போடலாம். இது 135 அடி. மூன்று படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான். அந்த இரும்புப் படியையே மூன்றாவதாக அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்ற விதியில் 'இயன்றவரை' என்று ஒரு சொல் இருந்தது. படிக்கட்டு குறுகல், அதனால் இயலவில்லை என்றால் கதை முடிந்தது. தண்ணீர் தானாகத் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயமே இல்லை.

கேள்வி: கதவை ஏன் பூட்டினார்கள்? முதலாளிகளுக்கு என்ன தண்டனை?

வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே வழியாக வெளியேற வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். துணி திருட்டைத் தடுக்க. திருட்டால் எவ்வளவு நஷ்டம் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது ஹாரிஸ் சொன்ன கணக்கு 25 டாலரைத் தாண்டவில்லை.

1911 டிசம்பரில் இருவரும் விடுதலை. கதவு பூட்டியிருந்தது என்று காட்டினால் போதாது. அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றார் நீதிபதி. வழக்கு அந்த இடத்தில்தான் உடைந்தது. 1914இல் சிவில் வழக்குகள் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று முடிந்தன. இடையே 1913இல், வேறொரு ஆலையில் கதவைப் பூட்டியதற்காக பிளாங்க் மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

கேள்வி: விபத்துகள் எத்தனையோ நடந்தன. இது மட்டும் எப்படிச் சட்டமாக மாறியது?

அனுதாபத்தால் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். ஏற்கெனவே திரண்டிருந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். 1909 நவம்பரில் தையல் தொழிலாளி கிளாரா லெம்லிக் மேடையேறி வேலைநிறுத்தத்துக்கு அழைத்து, சுமார் 20,000 தையல் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். அப்போது பல சிறு கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன, ட்ரையாங்கிள் போடவில்லை.

அடுத்தது, 1911 ஜூன் 30 அன்று அமைந்த நியூயார்க் மாநிலத் தொழிற்சாலை விசாரணை ஆணையம். தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத்தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் என்ற நியூயார்க் கட்சி இயந்திரத்தின் ஆட்கள், சட்டமன்றத்தில் ஓட்டைத் திரட்டத் தெரிந்தவர்கள். சீர்திருத்தவாதிகள் பலருக்கு டாமனி என்றாலே ஊழல்தான். ஆனால் அறிக்கை எழுதுகிறவரும் ஓட்டு எண்ணுகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் காரியம் நடந்தது. ஆணையம் சாட்சிகளுக்குச் சம்மன் அனுப்பலாம். முதல் ஆண்டிலேயே 222 சாட்சிகள், 1,836 தொழிற்கூடங்களில் நேரடி ஆய்வு.

தீயை நேரில் பார்த்த சீர்திருத்தவாதி பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண், ஆணையத்தாரை ஆலை ஆலையாக அழைத்துப் போனார். ஓர் இடத்தில் 'தீ தப்பும் வழி' என்று எழுதியிருந்த சுவர்ப் பொந்துக்குள் வாக்னரையே தவழ்ந்து போகச் சொன்னார். அந்தப் பக்கம் பனி உறைந்த இரும்பு ஏணி, தரையிலிருந்து 12 அடிக்கு மேலேயே முடிந்துவிட்டது. பிறகு தீ தப்பும் வழிக்கான மசோதா பற்றி வாக்னருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆணையத்தின் பணியால் 36 சட்டங்கள் வந்தன. சில: தரைத்தளத்துக்கு மேலே 25 பேருக்கு மேல் வேலை செய்தால் தீ ஒத்திகை. 7 மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தில் 7ஆவது மாடிக்கு மேலே 200 பேருக்கு மேல் இருந்தால் ஸ்பிரிங்க்ளர். வேஸ்ட் போட எரியாத பெட்டி. ஆலைக்குள் புகைக்கத் தடை. வெளியேறும் வழியின் கொள்ளளவைப் பார்த்து ஒரு மாடியில் எத்தனை பேர் என்ற வரம்பு. இவற்றைவிட முக்கியம் என்று நான் நினைப்பது 1913இல் தொழிலாளர் துறையைத் திருத்தி அமைத்ததைத்தான். இன்ஸ்பெக்டர்கள் கூடினார்கள், நுட்ப விதிகளைச் சட்டமன்றத்துக்கு ஓடாமல் தானே எழுத ஒரு வாரியத்துக்கு அதிகாரம் வந்தது.

கேள்வி: வேலை நேரத்தைச் சட்டம் குறைத்தால் முதலாளி சம்பளத்தைக் குறைத்துவிட மாட்டாரா?

குறைத்தார்கள். மாசசூசெட்ஸில் 1912 ஜனவரி 1 முதல் பெண்கள், சிறுவர்களுக்கு வாரம் 56 மணி நேரம் 54 ஆனது. இயந்திரங்கள் எல்லோருக்கும் சேர்ந்தே ஓடுவதால் ஆண்களுக்கும் அதே நேரம்தான். சம்பளத்தைத் தொடக்கூடாது என்ற வரி சட்டத்தில் இல்லை. லாரன்ஸ் நகர நெசவாலைகளில் ஜனவரி 11, 12 தேதிகளில் சம்பளக் கவரைப் பிரித்தபோது சுமார் 32 சென்ட் குறைந்திருந்தது. சில ரொட்டிகளின் விலை. தறிகள் நின்றன, 20,000 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பல மொழிக்காரர்கள் இருந்ததால் ஐ.டபிள்யூ.டபிள்யூ. (உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள்) சங்கம் மொழிவாரியாகப் பிரதிநிதிகளை எடுத்துக் கமிட்டி அமைத்தது. பிள்ளைகளை வெளியூர் ஆதரவாளர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 24 அன்று ரயில் நிலையத்தில் தாய்மாரையும் பிள்ளைகளையும் போலீஸ் அடித்ததும் விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. மார்ச் நடுவில் சம்பள உயர்வோடு முடிந்தது.

கேள்வி: நஷ்டஈட்டுச் சட்டம் வருவதற்கு முன் கை போனவருக்கு ஒன்றுமே கிடைக்காதா?

வழக்குப் போடலாம். முதலாளியின் வக்கீலிடம் மூன்று கேடயங்கள் இருந்தன: உன் கவனக்குறைவும் இருந்தது, தப்பு செய்தது உன்னோடு வேலை செய்தவன், ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய். 1906 ஜூலை முதல் ஓராண்டில் பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி கவுண்டியில் 526 பேர் வேலையில் இறந்ததை ஆய்வாளர் கிறிஸ்டல் ஈஸ்ட்மன் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தார். இறந்த மணமான ஆண்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் கிடைத்தது 100 டாலரோ அதற்கும் கீழோ.

நியூயார்க் 1910இல் போட்ட நஷ்டஈட்டுச் சட்டத்தை மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ட்ரையாங்கிள் எரிந்ததற்கு முந்தைய நாள். தப்பு செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது சொத்தைப் பறிப்பது என்றது தீர்ப்பு. மாநில அரசியல் சாசனத்தையே 1913இல் திருத்தி, 1914 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது: சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆனால் முதல் 14 நாளுக்கு ஒன்றும் கிடையாது.

விஸ்கான்சின் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது. 1911 சட்டத்தில் சேர்வது முதலாளியின் விருப்பம். சேராவிட்டால் அந்தக் கேடயங்களில் சில கையைவிட்டுப் போகும்! கட்டாயப்படுத்தியதாக நீதிமன்றமும் சொல்ல முடியாது.

கேள்வி: குழந்தைத் தொழிலாளர் தடை ஏன் இவ்வளவு தாமதம்? வயதை எப்படிச் சரிபார்த்தார்கள்?

சரிபார்ப்பதுதான் ஓட்டை. பல இடங்களில் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். லாரன்ஸ் வேலைநிறுத்தத்தின்போது நாடாளுமன்றக் குழு முன் காமெல்லா டியோலி என்ற சிறுமி சாட்சி சொன்னாள்: 4 டாலர் வாங்கிக்கொண்டு ஓர் ஆள் அவளுக்கு 14 வயது என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இயந்திரத்தில் முடி சிக்கி உச்சந்தலைத் தோல் பிய்ந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தவள் அவள். புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன், தன் கோட்டுப் பித்தானின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்வார்.

1916இல் மத்திய அரசு கீட்டிங்-ஓவன் சட்டம் போட்டது. 14 வயதுக்குக் கீழானவர்கள் வேலை செய்யும் ஆலையின் சரக்கு மாநில எல்லை தாண்டக்கூடாது. 1917 செப்டம்பரில் அமல்; 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரத்து. 1919இல் அதையே வரியாகப் போட்டார்கள், 1922இல் அதுவும் போனது. 1938இல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டம்தான் நிலைத்தது.

கேள்வி: பேக்கரி ஆண்களுக்கு 10 மணி நேர வரம்பு செல்லாது, பெண்களுக்குச் செல்லும் என்று எப்படித் தீர்ப்பு வந்தது?

1905இல் பேக்கரி வழக்கில், முதலாளியும் தொழிலாளியும் தாங்களே பேசி முடிவு செய்யும் ஒப்பந்தச் சுதந்திரம் என்று உச்ச நீதிமன்றம் வரம்பைத் தள்ளிவிட்டது. பெண்களின் வேலை நேரம் பற்றிய 1908 ஓரிகன் மாநில வழக்கில் வக்கீல் லூயிஸ் பிராண்டைஸும் சீர்திருத்தவாதி ஜோசபைன் கோல்ட்மார்க்கும் வேறு வழி பிடித்தார்கள்: 100 பக்கத்துக்கு மேற்பட்ட மனுவில் சட்ட வாதம் 2 பக்கம்தான், மீதி முழுக்க மருத்துவ, இன்ஸ்பெக்டர் அறிக்கைகள். ஜெயித்தது. ஆனால் பெண் உடல் பலவீனமானது என்ற வாதத்தின் மேல் ஜெயித்தது, அதை வைத்தே பின்னாளில் பெண்களை இரவு வேலையிலிருந்தும் விலக்கினார்கள்.

கேள்வி: இவர்கள் எல்லோரும் சோஷலிஸ்டுகளா?

சிலர். பலர் இல்லை. வாக்னரும் ஸ்மித்தும் இல்லவே இல்லை.

கேள்வி: இந்தச் சட்டங்கள் யாரைத் தொடவில்லை?

பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும். தெற்கே கறுப்பின மக்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். பேரம் ஆரம்பத்திலிருந்தே உண்டு: 1912இல் நியூயார்க்கில் பெண்களுக்கு 54 மணி நேர வரம்பு நிறைவேற, பழம், காய்கறி டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்கு விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. பெர்கின்ஸ் சம்மதித்தார். 1938 சட்டமும் பண்ணையையும் வீட்டு வேலையையும் வெளியே விட்டது. வீட்டு வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வந்தது 1974இல்.